சீனத்து ஒருவண்ணப் பீங்கானும் தமிழகக் கடற்கரையும்

கர்நாடக மாநிலத்தில், முன்னாளில் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஹனூர், கொள்ளேகாலத்திலிருந்து மலை மாதேசுவரன் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஓர் உள்நாட்டு ஊராகும். இதுபோன்ற ஊர்களில் மின்கம்பத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள், கம்பிகளைத் தாங்கி நிற்கும் பழுப்பு நிறப் பீங்கான் காப்புகளைக் கண்டிருப்பார்கள். இன்சுலேட்டர் எனப்படும் இக்காப்புகள் வெயிலிலும் மழையிலும் பல பத்தாண்டுகள் நின்றாலும் நிறம் மங்குவதில்லை; தூசி படிந்தால் மழைநீரே அதைக் கழுவிவிடும். ஹனூருக்கு அண்மையிலுள்ள சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து 1902-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கிய காலத்திலிருந்தே, இவ்வட்டாரத்து மக்களுக்கு மின்கம்பிகளின் காட்சி பழக்கமானதே.

அந்தப் பழுப்பு நிறம் வர்ணம் அன்று. பீங்கானின் மேல் உருகிப் படிந்த கண்ணாடியில் கலந்துள்ள இரும்பு முதலிய உலோகங்களின் நிறமே அது. இதே உண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கையாண்டு, பச்சை, வெண்மை, கருமை, நீலம், சிவப்பு என ஒவ்வொரு நிறத்திலும் ஜாடிகளையும் தட்டுகளையும் செய்தவர்கள் சீனக் குயவர்கள். சித்திரமோ பூவேலையோ இன்றி, ஒரே நிற மெருகால் மட்டும் அழகு பெறும் இவை ஒருவண்ணப் பீங்கான்கள் எனப்படும். உலகப் பொருட்காட்சிசாலைகளில் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் போற்றப்படும் இத்தகைய கலங்களின் உடைந்த ஓடுகள், இராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை மண்ணிலும் கிடந்தன என்பது பலரும் அறியாத செய்தி. ஒரு முழு ஜாடியின் விலையைக் காட்டிலும் அவ்வோடுகள் கிடந்த இடமே நம் வரலாற்றுக்கு மதிப்பு மிக்கது என்பதை இக்கட்டுரை விளக்கும்.

மண்ணும் கல்லும்

நம் ஊர்க் குயவர் வனையும் மண்பானை ஏறக்குறைய 700 முதல் 900 சென்டிகிரேடு டிகிரி வரையிலான உஷ்ணத்தில் சுடப்படுவது. அதில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். அவற்றின் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. பீங்கானின் இயல்பு இதற்கு மாறானது. வெண்ணிறக் களிமண்ணாகிய கயோலினுடன், பெல்ஸ்பார், மைக்கா முதலியன அடங்கிய ஒருவகைக் கல்லைப் பொடித்துச் சேர்த்து, 1,200 டிகிரிக்கு மேல் சுடும்போது, கல்லின் பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைக்கிறது; களிமண்ணின் பகுதி ‘முல்லைட்’ என்னும் ஊசி வடிவப் படிகங்களாக மாறி உறுதி அளிக்கிறது. இதனால் பீங்கான் நீரை உறிஞ்சுவதில்லை. தட்டினால் மணிபோல் ஒலிக்கும். கயோலின் என்ற சொல்லே, சீனாவின் ஜிங்தேசென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்தது.

இவ்வித்தையை ஐரோப்பியர் நெடுங்காலம் அறிந்திருக்கவில்லை. ஜெர்மனியில் போட்கர் என்பவர் 1708-ஆம் ஆண்டு வாக்கில் வெற்றி கண்ட பிறகே, 1710-இல் மைசென் நகரில் ஐரோப்பாவின் முதல் பீங்கான் தொழிற்சாலை தோன்றியது. அதற்குள் சீனாவில் இத்தொழில் பல நூற்றாண்டுகள் முதிர்ந்திருந்தது.

இரும்பு தரும் பல நிறங்கள்

கலத்தின் மேற்பூச்சாகிய மெருகு, அடிப்படையில் கண்ணாடியே. மணற்கல், சுண்ணாம்பு, மரச்சாம்பல் ஆகியவற்றின் நுண்பொடியை நீரில் கரைத்துக் கலத்தின்மேல் பூசிச் சூளையில் இட்டால், அது உருகிக் கலத்தோடு ஒன்றிவிடும். அதில் இரும்பு எவ்வளவு உள்ளது, சூளைக்குள் காற்று எவ்வளவு புகுகிறது என்னும் இரண்டுமே பெரும்பாலும் நிறத்தை முடிவு செய்கின்றன.

மெருகில் இரும்பு ஆக்ஸைடு மிகக் குறைவாக இருந்தால் கலம் வெண்மையாக இருக்கும். நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை இருந்து, சூளைக்குள் காற்றைக் குறைத்துச் சுட்டால், கடல்நீரை ஒத்த பசுமை தோன்றும். ஐந்து பங்குக்கு மேற்பட்டால் பழுப்பு, கருமை ஆகியன உண்டாகும்.

காற்றைக் குறைப்பதன் காரணம் எளிது. போதிய காற்று இன்றி எரியும் விறகு, கார்பன் மோனாக்ஸைடு வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு, தனக்கு வேண்டிய பிராணவாயுவை மெருகிலுள்ள இரும்பு ஆக்ஸைடிலிருந்து கவர்ந்து கொள்கிறது. பிராணவாயுவில் ஒரு பகுதியை இழந்த இரும்பு பச்சை அல்லது நீலச் சாயல் கொள்ளும். காற்று தாராளமாகப் புகுந்துவிட்டால், அதே மெருகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ முடியும். வாய்க்கால் அடியிலுள்ள கரிய சேறு, வெளியே எடுத்துப் போட்டு உலர்ந்தபின் செம்மை படர்வதை உழவர்கள் கண்டிருப்பார்கள். அங்கும் காற்று பட்ட இரும்பே நிறம் மாறுகிறது.

இவ்வாறு பசுமை பெற்ற கலங்களை மேனாட்டார் செலடான் என்பர். இவற்றில் மிகவும் புகழ் பெற்றவை சீனாவின் செஜியாங் மாகாணத்தைச் சேர்ந்த லோங்சுவான் சூளைகளில் செய்யப்பட்டவை. மலைச் சரிவில் பல பத்து மீட்டர் நீளத்துக்குப் பாம்புபோல் கட்டப்பட்ட அச்சூளைகளில், ஒரே தடவையில் ஆயிரக்கணக்கான கலங்கள் சுடப்பட்டன. லோங்சுவான் மெருகின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழிகளும் முழுதும் கரையாத துகள்களும் எஞ்சியிருக்கின்றன. உட்புகும் ஒளியை அவை சிதறச் செய்வதால், கண்ணாடியின் பளிச்சிடும் ஒளிக்கு மாறாக, மரகதக் கல்லைப் போன்ற மென்மையான ஒளி தோன்றுகிறது.

நஞ்சு கலந்த உணவை இட்டால் செலடான் தட்டு நிறம் மாறும் அல்லது வெடித்துவிடும் என்ற நம்பிக்கை, முற்காலத்தில் மேற்கு ஆசியாவிலும் இந்திய அரசவைகளிலும் நிலவியது. மெருகு வெறும் கண்ணாடியாதலின், உணவில் கலந்த நஞ்சினால் அது மாறுதல் அடைவதற்கு இடமில்லை. எனினும் அந்நம்பிக்கை இக்கலங்களின் விலையை உயர்த்தியது என்பதில் ஐயமில்லை.

செம்பின் அருமை

நீல நிறம் கோபால்ட் என்னும் உலோகத்தால் வருவது. சூளையின் காற்று எவ்வாறிருப்பினும் அது பெரும்பாலும் நீலமாகவே முடியும். செம்போ அவ்வாறன்று. காற்று மிகுந்தால் பச்சையாகும். காற்று குறைந்தால் நுண்ணிய செம்புத் துகள்கள் மெருகுக்குள் தங்கிச் சிவப்பாகும். அளவு சிறிது மிகுந்தால் கருமை தட்டும். உஷ்ணம் மிகுந்தால் செம்பு ஆவியாகி நிறமே மறைந்துவிடும். ஆகவே குற்றமற்ற சிவப்பு ஜாடி ஒன்றைப் பெறுவதற்குப் பல ஜாடிகளைக் கழிக்க வேண்டியிருந்தது. மிங் வம்சத்துச் சுவாந்தே மன்னர் காலத்திலும் (1426-1435), பின்னர்ச் சிங் வம்சத்துக் காங்சி மன்னர் காலத்திலும் (1662-1722) இக்கலை உச்ச நிலையை எய்தியது.

இவ்வருமையே விலையைத் தீர்மானித்தது. காங்சி காலத்தில் செம்பு மெருகு இட்டுச் செய்யப்பட்ட, ஏறக்குறைய எட்டு அங்குல உயரமே உள்ள இளஞ்சிவப்புப் பூச்சாடி ஒன்று, 1886-ஆம் ஆண்டு நியூயார்க் ஏலத்தில் 18,000 டாலருக்கு விற்று அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அது இன்று பால்டிமோர் நகரத்து வால்டர்ஸ் கலைக்கூடத்தில் உள்ளது. அந்த ஜாடி அழகிய பொருள். ஆயின் அது எந்த வீட்டில் இருந்தது, எவர் கைகளின் வழியே கடல் கடந்தது என்பவற்றை அது தானே கூறாது. இனிக் காணப்போகும் ஓடுகளோ விலையற்றவை. எனினும் கூறுவன பல.

பெரியபட்டினத்து ஓடுகள்

இராமநாதபுரத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாக் கரையில் பெரியபட்டினம் என்ற ஊர் உள்ளது. அங்கு நிலத்தின் மேற்பரப்பிலேயே சீனப் பீங்கான் ஓடுகள் பரவிக் கிடப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தனர். 1987-ஆம் ஆண்டில் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு நடத்தியது. கல்வெட்டறிஞர் எ. சுப்பராயலு, ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமா ஆகியோர் இவ்வூர் ஓடுகளை ஆராய்ந்தவர்களுள் முக்கியமானவர்கள். கிடைத்த ஓடுகள் பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. லோங்சுவான் பச்சைக் கலங்கள், பூஜியன் மாகாணத்துத் தேஹுவா வெண்கலங்கள், ஜிங்தேசென் கலங்கள் ஆகியவற்றின் துண்டுகள் அவற்றுள் இடம்பெற்றன. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி குறிப்பிடும் துறைமுகங்களுள் ஒன்று இவ்வூராகலாம் எனவும் அறிஞர்கள் கருதுகின்றனர்.

இன்று சிற்றூராகத் தோன்றும் ஓரிடம், எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சீனத்துச் சரக்குகள் இறங்கிய துறைமுகமாக இருந்தது என்பதை அவ்வோடுகளே உறுதிப்படுத்தின. யாரேனும் அவற்றைத் திரட்டிச் சென்று வேறோர் ஊரில் கொட்டியிருந்தால், இச்சான்று முழுவதும் அழிந்து போயிருக்கும்.

பெரியபட்டினம் தனித்த நிகழ்ச்சி அன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்விலும், ரோமானியக் கலங்களுக்குப் பிற்பட்ட இடைக்காலச் செலடான் ஓடுகள் வெளிப்பட்டன. சோழர் தலைநகராகிய கங்கைகொண்டசோழபுரத்தின் மாளிகைமேட்டிலும் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்துள்ளன. இலங்கையின் மன்னார்க் கரையில், திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தைத் துறையிலும் சீனக் கலங்களின் ஓடுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன.

எழுத்துச் சான்றுகளும் இதற்கு இசைவாக உள்ளன. இராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015-ஆம் ஆண்டில் சீன அரசவையை அடைந்தது. 1077-ஆம் ஆண்டில் எழுபத்திருவர் கொண்ட சோழத் தூதுக்குழு ஒன்று சென்று, தான் கொண்டுபோன பொருள்களுக்கு ஈடாகச் செப்புக் காசுச் சரங்களைப் பெற்று மீண்டது. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. சிவன் கோயில் ஒன்றுடன் தொடர்புடையது அது. அங்கே தமிழ் வணிகர் வாழ்ந்தனர். இங்கே சீனக் கலங்கள் வந்திறங்கின. சீனவெடி, சீனச்சட்டி, சீனாக்காரம் என நம் வழக்கில் எஞ்சி நிற்கும் சொற்களும் நெடுநாளைய தொடர்பையே நினைவூட்டுகின்றன.

காலத்தை அறியும் முறை

மண்ணில் கிடந்த பச்சை ஓட்டின் காலத்தை எவ்வாறு கூற முடிகிறது என்ற கேள்வி எழலாம். ஆண்டு உறுதியாகத் தெரிந்த ஒரு பொருட்குவியலுடன் ஒப்பிடுவதே சிறந்த வழி. அத்தகைய குவியல் ஒன்று கொரியாவின் சினான் கடற்பகுதியில் கிடைத்தது. சீனாவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற கப்பல் ஒன்று அங்கே மூழ்கியது. சரக்குகளுடன் கட்டியிருந்த மரச்சீட்டுகளில் 1323-ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு இருந்தது. 1976 முதல் 1984 வரை நடந்த ஆய்வில், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பீங்கான் கலங்கள் வெளியே எடுக்கப்பட்டன. அவற்றுள் பெரும்பகுதி லோங்சுவான் செலடானே. அந்தக் கலங்களின் வடிவம், மெருகின் கனம், அடிவளையத்தின் அமைப்பு ஆகியவற்றோடு நம் கடற்கரை ஓடுகளை ஒப்பிட்டால் காலம் புலனாகும்.

இரசாயன முறையும் உதவுகிறது. எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, ஓட்டை உடைக்காமலே அதிலுள்ள தனிமங்களை அளவிட இயலும். அவ்வளவுகளைச் சீனச் சூளைகளில் கிடைத்த கழிவு ஓடுகளின் அளவுகளுடன் பொருத்திப் பார்த்து, எந்தச் சூளையில் பிறந்தது என்பதைக் கணிக்கிறார்கள்.

இதற்கு மாறாக, ஜாடியின் அடியில் எழுதப்பட்ட அரச முத்திரையை மட்டும் நம்புவது தவறு. முன்னோர் கலையைப் போற்றும் பொருட்டும், சில வேளைகளில் வாங்குபவரை ஏமாற்றும் பொருட்டும், பிற்காலக் குயவர்கள் பழைய மன்னர் பெயரை எழுதியதுண்டு. காங்சி முத்திரை தாங்கிய 19-ஆம் நூற்றாண்டு ஜாடிகள் பல உள்ளன. தனித்து நிற்கும் ஜாடி இவ்வாறு பொய் சொல்லக்கூடும். மண்ணடுக்கில் தன் இடத்தில் கிடக்கும் ஓடு பொய் சொல்வதரிது.

உள்நாட்டில் கிடைக்குமா?

கடற்கரைக்கு வெகு தொலைவிலுள்ள ஹனூர் போன்ற ஊர்களில் பணியாற்றுவோர், இது துறைமுகத்தாரின் விஷயம் என எண்ணலாம். ஆனால் கடலிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஹம்பியில், விஜயநகரத் தலைநகரின் இடிபாடுகளுக்கிடையே சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்துள்ளன. டில்லியில் துக்ளக் அரண்மனைப் பகுதியிலும் 14-ஆம் நூற்றாண்டுச் சீனக் கலங்களின் துண்டுகள் கிடைத்தன. கலங்கள் துறைமுகத்தோடு நின்றுவிடவில்லை; அரண்மனைகளை நோக்கிப் பயணம் செய்தன. அவை எந்தப் பாதை வழியே சென்றன என்பதை, இடையிலுள்ள ஊர்களில் கிடைக்கும் ஓரிரு ஓடுகள்தாம் காட்ட முடியும்.

ஆயினும் உள்நாட்டு வயலில் காணும் பளபளப்பான ஓடுகளில் மிகப் பெரும்பாலானவை அண்மைக் காலத்தவை என்பதை முதலில் நினைவிற் கொள்ள வேண்டும். மேற்பகுதி பழுப்பாகவும் கீழ்ப்பகுதி வெண்மையாகவும் உள்ள தடித்த ஓடு, ஊறுகாய் ஜாடியின் துண்டாகும். தூய வெண்ணிறமும் அச்சிட்ட பூவேலையும் இருந்தால், அது தொழிற்சாலையில் செய்த தேநீர்க் கோப்பை. ஒரே சீரான பழுப்பு மெருகும் திருகுப் புரியும் காணப்பட்டால், அது மின்கம்பத்துக் காப்பு. பெங்களூரில் மைசூர் சமஸ்தான அரசாங்கம் நிறுவிய பீங்கான் தொழிற்சாலையில் இத்தகைய காப்புகள் செய்யப்பட்டு வந்தன.

லோங்சுவான் ஓட்டின் இலக்கணம் வேறு. மெருகு பசுமையாகவும் தடிப்பாகவும் இருக்கும். உடைந்த விளிம்பைப் பார்த்தால், சாம்பல் கலந்த வெண்ணிற உடலின்மேல் பச்சைக் கண்ணாடி தனிப் படலமாகத் தெரியும். மெருகு பூசாத அடிவளையத்தில் செம்பழுப்புக் கோடு ஒன்று காணப்படும். சூளை ஆறும்போது உட்புகுந்த காற்று, அவ்விடத்து இரும்பைச் சிவக்கச் செய்ததன் அடையாளம் அது.

களப் பணியாளரும் ஆசிரியரும் செய்யத் தக்கவை

பழைய குடியிருப்பு மேடுகளில் கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும், மண் அள்ளும்போதும் ஓடுகள் வெளிப்படுகின்றன. எவரும் கவனியாவிடின் அவை மண்ணோடு லாரியில் ஏறிச் சாலைக்குச் சென்றுவிடும். அல்லது சிறுவர்களுக்குப் பாண்டி ஆட்டச் சில்லாகிவிடும். நில அளவை, வேளாண்மை, நீர்ப்பாசனம் முதலிய துறைகளின் பணியாளர்களும் கிராமப் பள்ளி ஆசிரியர்களுமே இதை முதலில் காணக்கூடியவர்கள்.

ஐயத்துக்குரிய ஓட்டைக் கண்டால், அவ்விடத்தைத் தோண்டுதல் கூடாது. ஊர், சர்வே எண், அருகிலுள்ள கிணறு அல்லது வாய்க்காலிலிருந்து உள்ள தூரம், குழியில் கிடைத்ததாயின் ஆழம் ஆகியவற்றை உடனே எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, அது கிடக்கும் நிலையிலேயே புகைப்படம் எடுப்பது நல்லது. மெருகுப் பக்கத்தை மட்டும் படம் எடுத்தால் போதாது. உடைந்த விளிம்பும் அடிப்பகுதியும் தெரிய வேண்டும். வேலை நடப்பதால் அங்கேயே விட இயலாவிடின், ஓட்டைக் காகிதத்தில் பொதிந்து, இடக் குறிப்பையும் உடன் வைக்க வேண்டும். அமிலமோ சோப்போ இட்டுத் தேய்த்தல் ஆகாது. கூடவே கிடக்கும் சாதாரண மண்பானை ஓடுகளை அற்பமென ஒதுக்கவும் கூடாது. காலத்தை முடிவு செய்ய அவையும் தேவை.

பின்னர் மாநிலத் தொல்லியல் துறைக்கோ மாவட்ட அருங்காட்சியகத்துக்கோ செய்தி அனுப்பலாம். கர்நாடகத்தில் தொல்லியல் துறையின் தலைமை அலுவலகம் மைசூரில் உள்ளது. தமிழ்நாட்டில் சென்னையில் உள்ளது. மண்ணில் புதைந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்டக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டும் என 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் விதிக்கிறது. நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வருபவை. உரிமம் இன்றி அவற்றை விற்பது குற்றம்.

வகுப்பறையிலும் இதற்கு இடமுண்டு. உடைந்த தேநீர்க் கோப்பையின் துண்டு ஒன்றையும் மண்பானை ஓடு ஒன்றையும் நீரில் ஊற வைத்து, முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால், பானை ஓடு நீரை உறிஞ்சி எடை கூடுவதையும் பீங்கான் அவ்வாறு கூடாதிருப்பதையும் மாணவர்கள் தாமே அறிவார்கள். இரும்பும் காற்றும் சேர்ந்து நிறம் தருவதை மின்கம்பத்துப் பீங்கானைக் காட்டி விளக்கலாம். இவ்வாறு கற்ற மாணவன், நாளை தன் வயலில் பச்சை நிற ஓடு ஒன்றைக் காணும்போது, அதை எடுத்து எறியும் முன், கிடந்த இடத்தை ஒருமுறை குறித்துக்கொள்வான். பெரியபட்டினத்தின் வரலாறு அத்தகைய கவனிப்பிலிருந்தே தொடங்கியது.